பாட்டி கையில் கரண்டி இருக்கட்டும்

விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிய வீட்டில் முதல் நாள் அமர்க்களமாகப் போகும். இரண்டாம் நாள் மதியத்துக்குள் தாத்தா ஈஸி சேரில் பேப்பரோடு, பேரன் சோபாவில் போனோடு, பேத்தி இன்னொரு அறையில். "போய்த் தாத்தாகிட்ட கொஞ்ச நேரம் பேசிட்டு வா" என்று அம்மா விரட்டுவாள். பையனும் போவான். "என்னடா படிக்கிற, எத்தனாவது ரேங்க், சாப்பிட்டியா" என்று மூன்று கேள்வி, மூன்று பதில். அதோடு முடிந்தது.

இதில் யார் மேலும் தப்பில்லை. பத்து வயசுக்கும் எழுபத்தைந்து வயசுக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்து பேச விஷயம் கிடைக்காது. கைக்கு ஒரு வேலை வேண்டும். அதுவும் பெரியவருக்கு நன்றாகத் தெரிந்த, சின்னவருக்குத் தெரியாத வேலையாக இருக்க வேண்டும். "தாத்தாவுக்கு வாட்ஸாப் சொல்லிக் கொடு" என்று பேரனை உட்கார வைப்பது அவசியமான உதவிதான், ஆனால் அதில் தாத்தா மாணவர். நாள் முழுக்க மாத்திரை டப்பாவிலிருந்து குளியலறை வரை யாராவது ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு, தான் சொல்லித்தரும் ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

வேலையைத் தொடங்குமுன் நேரத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெரியவர்களுக்குக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை தெம்பான நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்வார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது. நாலு மணிக் காபிக்குப் பிறகு இன்னொரு நல்ல வேளை கிடைக்கும். சீரியல் நேரத்தில் கை வைக்காதீர்கள், அது அவர்களுடைய சொந்த நேரம். ஒரு தடவைக்கு நாற்பது நிமிஷம் போதும். "இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்று தோன்றும்போதே எழுந்துவிட்டால் மறுநாள் அவர்களே கூப்பிடுவார்கள்.

அடுத்து காது. வயதாகும்போது முதலில் குறைவது கீச்சென்ற, உயர்ந்த ஒலிகள். குழந்தைகளின் குரல் அந்த ரகம். அதுவும் வேகமாகப் பேசினால் பாட்டிக்குப் பாதி விழாது. உடனே நாம் கத்துகிறோம். கத்தினால் சொல் தெளிவாவதில்லை, கோபமாகப் பேசுவது போலத்தான் கேட்கும். எதிரில் உட்கார்ந்து, வெளிச்சம் நம் முகத்தில் விழுகிற மாதிரி, குரலைச் சற்றுத் தாழ்த்தி, மெதுவாகப் பேசச் சொல்லிக் கொடுங்கள். டிவியையும் மிக்சியையும் நிறுத்துங்கள். காதில் மெஷின் வைத்திருப்பவர்களுக்குச் சுற்றியுள்ள இரைச்சல் இன்னும் தொந்தரவு. பேச்சில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களில் பாதிப்பேருக்குக் காது கேட்காததுதான் காரணம், கோபம் இல்லை.

இனி வடாம். ஏப்ரல், மே மாதத்தில் மூன்று தலைமுறைக்கும் ஒரே நேரத்தில் வேலை இருக்கிற ஒரே காரியம் இதுதான் என்பது என் கட்சி. முதல் தடவைக்கு ஜவ்வரிசி வடாம் நல்லது, அச்சு பிழிகிற வலு தேவையில்லை. மாவு ஜவ்வரிசி இரண்டு டம்ளர் எடுத்துக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் ராத்திரியே ஊறப் போடுங்கள். ஊறவைத்த தண்ணீரையும் சேர்த்து மொத்தம் பத்து டம்ளர் தண்ணீர் கணக்கு. காலை ஐந்தரை மணிக்கு மீதித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஊறியதைக் கொட்டி, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது நிமிஷத்தில் மணிகள் கண்ணாடி மாதிரி ஆகி, நடுவில் இருக்கும் வெள்ளைப் புள்ளி மறைந்துவிடும். பச்சை மிளகாய் ஏழெட்டை உப்போடு அரைத்துச் சேர்த்துப் பெருங்காயம் போட்டு இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் ஒரு எலுமிச்சம்பழம் பிழியலாம்.

உப்பில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். கூழை நாக்கில் வைத்துப் பார்க்கும்போது உப்பு சரியாக இருந்தால், காய்ந்த வடாம் கரிக்கும். தண்ணீர் போய்விடும், உப்பு அங்கேயே இருக்கும். கூழில் ஒரு மட்டம் குறைவாகத் தெரிய வேண்டும். எவ்வளவு குறைவு என்பதைப் பாட்டியின் நாக்குதான் சொல்லும். அதனால் ருசி பார்க்கும் கரண்டி அவர் கையில் இருக்கட்டும். அடுப்படியில் நிற்க முடியாதென்றால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், சின்னக் கிண்ணத்தில் கூழ் அவரிடம் போகட்டும். "இன்னும் ரெண்டு நிமிஷம் கிளறு" என்று அங்கிருந்தே சொல்வார்.

"எவ்வளவு உப்பு பாட்டி?" என்று கேட்டால் "கை நிறைய" என்பார். அளவு சொல்லச் சொல்லி நச்சரித்தால் கை தடுமாறும், சமைப்பதே ஓடாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. சமையல் தராசில் உப்பு ஜாடியை முன்னமே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டி எப்போதும் போலக் கையால் அள்ளிப் போடட்டும். முடிந்தபின் ஜாடியைத் திரும்ப நிறுங்கள். வித்தியாசம்தான் அவர் "கை". இந்த எடை போடும் உத்தியோகத்தைப் பத்து வயசுப் பிள்ளையிடம் கொடுத்தால் அது அன்றைக்கு வேறெதற்கும் அசையாது. புளிக்குழம்பு, ஊறுகாய், ரசப்பொடி எல்லாவற்றுக்கும் இதே வழி செல்லும். வெந்நீர் ஊற்றிப் பிசைகிற முறுக்கு மாவுக்குக் கூடத் தண்ணீர்ச் சொம்பை முன்னும் பின்னும் நிறுத்தால் கணக்கு வந்துவிடும்.

ஏழரை மணிக்குள் மொட்டைமாடியில் விரிக்க வேண்டும். பழைய பருத்தி வேஷ்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, கரண்டி கரண்டியாக இடைவெளி விட்டு ஊற்றுவது குழந்தைகள் வேலை. மூட்டுவலி உள்ள பாட்டியைப் படி ஏற்றாதீர்கள். பத்து மணிக்கு மேல் மே மாத வெயிலில் வயதானவர்கள் மாடியில் இருப்பதும் ஆபத்து. காக்காய் விரட்டுவதற்கு நிழலில் ஒரு பிள்ளை, காலில் செருப்போடு. ஓரத்தில் கறுப்புக் குடையை விரித்து வைத்தால் காக்காய் கொஞ்சம் யோசிக்கும். சாயந்திரம் வேஷ்டியோடு சுருட்டி உள்ளே எடுத்து, மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிஷம் விட்டு உரித்தால் பிய்யாமல் வரும். உரிப்பது பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை. அன்றைய பேச்செல்லாம் அப்போதுதான் நடக்கும். பிறகு தாம்பாளத்தில் இன்னும் இரண்டு வெயில். உடைத்தால் 'படக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அதை டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். முதல் நாள் மேகம் மூடிவிட்டால் ஃபேன் அடியில் விரியுங்கள். அப்படியே விட்டால் மறுநாள் புளித்த வாடை வரும்.

வடாம் வேண்டாத வீட்டில் பல்லாங்குழி. பரணில் இருக்கும் பலகையை இறக்குங்கள். பதினான்கு குழி, ஆளுக்கு ஏழு. குழிக்கு ஐந்து காய் போட்டு ஆரம்பித்தால் மொத்தம் எழுபது. தன் பக்கத்தில் ஒரு குழியைக் காலி செய்து, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு ஆட்டம் எதிராளிக்கு. இரண்டு குழி சேர்ந்தாற்போல் காலியாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. நடுவில் எந்தக் குழியிலாவது நாலு காய் சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். எதிர்க்குழிக் காயையும் சேர்த்து எடுப்பது, குழிக்கு ஆறு காய் போடுவது என்று ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பாட்டி சொல்வதுதான் சட்டம். யூடியூபில் வேறு மாதிரி இருக்கிறதே என்று வாதாடினால் ஆட்டம் கெட்டுவிடும்.

குழந்தைகள் வேகத்தில் பசுவைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். பாட்டி கவனித்துவிடுவார். இந்த ஒரு விஷயத்துக்காகவே இரண்டாவது ஆட்டம் சூடு பிடிக்கும். விட்டுக்கொடுத்து ஆடாதீர்கள், பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எதைக் காயாக வைப்பது என்பதும் முக்கியம். கறுத்த பலகையில் புளியங்கொட்டை போட்டால் கண்புரை உள்ளவருக்குத் தெரியாது, வெள்ளைச் சோழி நல்லது. விரல் நடுக்கம் இருந்தால் பெரிய சோழியாகப் பாருங்கள். மஞ்சாடி ஆகும், குன்றிமணி வேண்டாம். சிவப்பில் கறுப்புப் பொட்டு உள்ள அந்த விதை கடித்து விழுங்கினால் விஷம். மூன்று வயசுக்குக் கீழே பிள்ளை வீட்டில் இருந்தால் எந்தக் காயையும் எண்ணித்தான் எடுத்து வைக்க வேண்டும், மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும். தரையில் உட்கார முடியாதவருக்குச் சாப்பாட்டு மேஜை போதும். தரையில்தான் ஆட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை.

நாலு பேர் என்றால் தாயம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு ஒன்றாக வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். ஒரு கட்டையில் ஒன்று, மற்றதில் வெறுமை விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறு ஆட்டம் உண்டு. தாத்தா தனியாக ஒருவரோடு ஆட ஆசைப்பட்டால் ஆடுபுலி ஆட்டம்: மூன்று புலி, பதினைந்து ஆடு, சாக்பீஸ் போதும். முதலில் பிள்ளையை ஆடு பக்கம் உட்கார வையுங்கள். ஆடு ஆடத் தெரிந்தால்தான் ஆட்டமே புரியும்.

கதை கேட்பது பற்றி. "உங்க காலத்துல எப்படி இருந்தது?" என்று கேட்டால் "என்ன, கஷ்டம்தான்" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வார்கள். அது கேள்வியின் கோளாறு. பெரிய சார்ட் பேப்பர் ஒன்றும் பென்சிலும் எடுத்து, அவர்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் படத்தை வரையத் தொடங்குங்கள். வரைவது பிள்ளை, சொல்வது தாத்தா. வாசலில் நின்றால் வலது கைப்பக்கம் என்ன? திண்ணை எவ்வளவு நீளம், எத்தனை பேர் படுக்கலாம்? ரேழி தாண்டினால் முற்றமா கூடமா? நெல் குதிர் எங்கே, அம்மி எங்கே, கிணறு எத்தனை உறை? அப்பா எங்கே படுப்பார்? அடி வாங்கினால் எங்கே போய் ஒளிவீர்கள்? ஓர் அறையின் கதவு எந்தப் பக்கம் என்று யோசிக்கும்போதே அந்த அறையில் நடந்தது வெளியே வந்துவிடும். அண்ணன் தம்பிகள் இருவர் சேர்ந்து உட்கார்ந்தால் மாட்டுக்கொட்டகை கிழக்கா மேற்கா என்பதில் சண்டை வரும். வரட்டும், அதில்தான் பாதி விஷயம் கிடைக்கும்.

போனில் பதிவு செய்யுங்கள். ஒரு முழத் தூரத்தில், மடித்த துண்டின் மேல் போனை வைத்தால் மேஜை அதிர்வு ஏறாது. ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், விமான மோடில் போடுங்கள். ஆரம்பத்தில் பிள்ளை தேதியையும் பேசுபவர் பெயரையும் சொல்லிவிடட்டும். அரை மணிக்கு ஒரு ஃபைலாக வையுங்கள். மூன்று மணி நேரப் பதிவை யாரும் திரும்பக் கேட்பதில்லை.

வருஷம் கேட்டால் சரியாக வராது. சம்பவத்தோடு கோத்துக் கேளுங்கள். நயா பைசா வந்தபோது (1957 ஏப்ரல்) என்ன வயசு? தனுஷ்கோடிப் புயல் (1964 டிசம்பர்) நினைவிருக்கிறதா? எம்.ஜி.ஆர். இறந்த அன்று (1987 டிசம்பர் 24) எங்கே இருந்தீர்கள், பஸ் ஓடியதா? சிலர் தமிழ் வருஷம் சொல்வார்கள். விரோதி வருஷத்தில் பிறந்தேன் என்றால் 1949 ஏப்ரலிலிருந்து 1950 ஏப்ரல் வரை. அறுபது வருஷச் சுற்று என்பதால் எந்தச் சுற்று என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய அளவுகளும் இந்தப் பேச்சில் வரும்: பதினாறு அணா ஒரு ரூபாய், எட்டுப் படி ஒரு மரக்கால், ஒரு வீசை சுமார் 1.4 கிலோ. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை வைத்துக் கணக்குப் போடச் சொன்னால் தாத்தா மனக்கணக்கில் முந்திவிடுவார்.

சொத்துத் தகராறு, சின்ன வயசில் இறந்துபோன குழந்தை, நின்றுபோன கல்யாணம் என்று சில இடங்களில் பேச்சு நிற்கும். நின்றால் தோண்ட வேண்டாம். "இதை அணைச்சுடு" என்றால் உடனே அணைத்துவிடுங்கள். அவர்களைக் கேட்காமல் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டீர்கள் என்றால் அடுத்த தடவை வாயே திறக்க மாட்டார்கள்.

மறதி நோய் வந்துவிட்ட பெரியவரிடம் மேலே சொன்ன கேள்விகளையெல்லாம் ஒதுக்கிவிடுங்கள். "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று உறவினர்கள் சோதிப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. அவருக்குத் தெரியவில்லை என்பதை ஊர் முன்னால் நிரூபிக்கிறோம், அவ்வளவுதான். உள்ளே நுழையும்போதே "தாத்தா, நான் உங்க பெரிய பையன் மகள், மதுரையிலேருந்து வந்திருக்கேன்" என்று உறவோடு சொல்லிவிட வேண்டும். ஒரே கேள்வியை ஐந்து தடவை கேட்டால் ஐந்து தடவையும் முதல் தடவை போலப் பதில். பேச்சு போனபிறகும் கைவேலை தங்கியிருக்கும்: பூ தொடுப்பது, கீரை ஆய்வது, துணி மடிப்பது. சின்ன வயசில் பாடிய பாட்டின் முதல் வரியை எடுத்துக் கொடுத்தால் மீதியைப் பாடுகிறவர்கள் உண்டு. முருங்கைக்கீரை ஒரு கட்டு வாங்கி நடுவில் வைத்து உருவிக்கொண்டே உட்கார்ந்தாலே ஒரு சாயந்திரம் போய்விடும்.

பழைய போட்டோக்களைப் பொறுத்தவரை அவசரம் உண்டு. முகம் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பெயர் எழுதிவிட வேண்டும். பால்பாயின்ட் பேனாவால் பின்னால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் மேடு தட்டும், மை ஊறும். 2பி பென்சிலால் லேசாக, ஓரத்தில் எண் மட்டும் போடுங்கள். பெயர், உறவு, ஊர், என்ன விசேஷம் என்பதெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணுக்கு எதிரே, இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக. "மாமா" என்று எழுதி வைத்தால் இருபது வருஷம் கழித்து யாருடைய மாமா என்று தெரியாது. யார் வழி மாமா, பெயர் என்ன என்று முழுசாக இருக்கட்டும். போனில் படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், வெயில் நேரே விழாத ஜன்னலோரம் போதும். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன போட்டோவை இழுத்து எடுக்காதீர்கள், மேல்தோல் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடேயே சற்றுச் சாய்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உட்காருதலுக்கு இருபது போட்டோவுக்கு மேல் போகாது, போகவும் கூடாது. ஒவ்வொன்றிலும் போய்ச் சேர்ந்தவர்கள் இருப்பார்கள்.

வெளியே அழைத்துப் போவதென்றால் கோயிலோ கடற்கரையோ, நடக்கிற தூரத்தையும் கழிப்பறையையும் முதலில் விசாரியுங்கள். மதியம் பிரகாரக் கல் காலைச் சுடும், பல கோயில்களில் நடையும் சாத்தியிருப்பார்கள். காரில் முன் சீட், ஒன்றரை மணிக்கு ஒரு நிறுத்தம்.

வெளிநாட்டில் இருக்கிற பேரப்பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். வீடியோ காலில் "ஹாய் பாட்டி" சொல்லிவிட்டு ஓடிவிடும் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி தாயக்கட்டம் வரைந்துகொள்ளுங்கள். இங்கே தாத்தா உருட்டினால் அங்கே பிள்ளை தன் கட்டத்திலும் தாத்தா காயை நகர்த்தும். அல்லது பாட்டி காய் நறுக்கும்போது போனை ஸ்டாண்டில் வைத்து, கை தெரிகிற மாதிரி சாய்த்து, அரை மணி நேரம் பேசாமலே கூட விட்டுவிடலாம். அங்கே பிள்ளை வீட்டுப்பாடம் எழுதட்டும். பாட்டி போனைக் கையில் பிடித்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் கூரைதான் தெரியும், ஆகவே ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். நேரமும் பாருங்கள். லண்டனுக்கும் நமக்கும் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. கலிபோர்னியா என்றால் பன்னிரண்டரை, பதின்மூன்றரை. அங்கே சனிக்கிழமை காலை எட்டு மணி என்றால் இங்கே இரவு எட்டரையோ ஒன்பதரையோ ஆகியிருக்கும், தாத்தா மாத்திரை போட்டுப் படுக்கிற நேரம். அங்கே வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே சனி காலை எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. காபி முடித்துப் பேப்பரும் படித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.